தின்றும் இளைத்த அக்கா

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், ஊர் ஊராகச் சுற்றிக் களைத்து, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் அக்கா வீட்டில் ஒண்டினேன். மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. அக்கா தன் பங்கைத் தின்றுவிட்டு என் பங்கையும் கேட்பாள். ஆனாலும் இளைத்தாள், கை நடுங்கியது, கழுத்து வீங்கியது.

"வயித்துக்குள்ள லோரியா ஓட்டுற? போட்டதெல்லாம் எங்க போகுது?" என்றேன்.

"பசிக்குது லா தம்பி. பொய்யா சொல்றேன்?"

கிழங்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

ஒரு நாள் தேயிலை நிரையில் லேசாகச் சறுக்கியதற்கே அவள் இடுப்பெலும்பு முறிந்தது. படுத்தவள் எழவேயில்லை.

பல ஆண்டுகள் கழித்து என் கழுத்தும் வீங்கியது. "தைராய்டு அளவுமீறிச் சுரந்தா, எவ்வளவு தின்னாலும் இளைக்கும், எலும்பும் கரையும்" என்றார் டாக்டர். அக்காவுக்கும் அதுதான் இருந்திருக்கும்.

இப்போது மாத்திரையைத் தவறவிடுவதில்லை. தின்றும் இளைப்பவர்களைக் கண்டால், வாயை மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்.