ஐரோப்பாவுக்குப் போன குக்கர்

டல்லஸ் பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனின் தமிழ் ஃபெல்லோஷிப்பில் ஜெபதாஸுக்கு யூரோப் அங்கிள் என்றே பெயர். ஞாயிறு ஆராதனை முடிந்து ஜனங்கள் பிரியாணித் தட்டோடு உட்கார்ந்ததும், சற்று முன்பு வரை பாட்டு வரிகள் ஓடிய திரையில் ஈஃபில் டவர் வந்து நிற்கும். பார்க்க வேண்டியது, செய்ய வேண்டியது, சாப்பிட வேண்டியது என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு மனிதர் மைக்கைப் பிடிப்பார். கடைசி வரிசையில் அவர் மனைவி ஜெயகுமாரி உட்கார்ந்து, வெட்கம் என்ற ஒன்றைக் கர்த்தர் இந்த ஆளுக்குக் கொடுக்க மறந்துவிட்டாரா என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

"வியன்னா போனா ஷ்னிட்ஸல்னு ஒரு கறி வறுவல், மிஸ் பண்ணாதீங்க" என்று அன்றைக்கும் ஆரம்பித்தார். "வெளிய மொறுமொறுன்னு இருக்கும், உள்ள அப்படியே ஜூஸியா இருக்கும். மேல லெமன் பிழிஞ்சு சாப்பிடணும். அடடா!"

கேட்கிறவன் கேனயனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியுமாம். வியன்னாவில் ஜெபதாஸின் வாய்க்குள் போன எலுமிச்சை முழுவதும் எலுமிச்சை சாதத்தில் இருந்த எலுமிச்சைதான். அதை ஹோட்டல் கட்டிலில் பழைய பேப்பர் விரித்துச் சாப்பிட்டார்கள். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு சிப்ஸ்.

போன வருஷம் கல்யாணமாகி டெக்ஸஸ் வந்த ரெனிஷா பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவர் சொல்வதையெல்லாம் போனில் குறித்துக்கொண்டிருந்தவள் திரும்பி, "நீங்க குடுத்து வச்சவங்க ஆன்ட்டி" என்றாள். ஜெயகுமாரி பிரியாணியைக் கிளறினாள்.

ஜெபதாஸ் ஐந்து முறை ஐரோப்பா போனவர். பாரிஸில் டவருக்குக் கீழே நின்று ஜிப்லாக் பையில் இருந்து புளியோதரை சாப்பிட்டவர். ரோமில் ஒவ்வொரு ஹோட்டல் வாசலிலும் மெனு கார்டை நின்று படித்து, உள்ளே எட்டிப் பார்த்து, யார் தட்டில் என்ன இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு, "வெறும் மைதா" என்று தீர்ப்புச் சொல்லி ரூமுக்குத் திரும்பியவர். அந்தப் போட்டோக்கள்தான் இப்போது திரையில் ஓடின. மகன் ஜெர்ரிக்கு அப்போது பன்னிரண்டு வயது. "டாட், கேன் வி ஜஸ்ட் ஈட் எ பீட்ஸா?" என்று நடுத்தெருவில் நின்று அழுதான். "பீட்ஸா டல்லஸ்லயே கிடைக்கும்டா" என்றார் ஜெபதாஸ். இப்போது ஆஸ்டினில் படிக்கிற அந்தப் பிள்ளை இவர்களோடு ஊர் சுற்ற வருவதே இல்லை. அவனாவது தப்பித்தான்.

முதல் பயணத்தில் வியன்னாவில் நடந்ததை ஜெயகுமாரி சாகிறவரை மறக்க மாட்டாள். டெக்ஸஸில் வாங்கிய ரைஸ் குக்கரை, பிளக் மாற்றுகிற சின்ன அடாப்டரில் செருகி, ஹோட்டல் சுவரில் மாட்டினார் மனிதர். அமெரிக்கக் கரண்ட்டுக்குச் செய்த குக்கர், ஐரோப்பாவின் இரண்டு மடங்கு கரண்ட். சோறு பாதி வெந்திருந்தபோது படார் என்று ஒரு சத்தம் கேட்டது, புகை வந்தது, அந்த மாடி முழுக்க இருட்டாகிவிட்டது. டெலிகாம் கம்பெனியில் இருபது வருஷமாக இன்ஜினியராகக் குப்பை கொட்டுகிறவருக்கு வோல்டேஜ் தெரியவில்லை. ஹோட்டல்காரர்கள் வந்து கதவைத் தட்டியபோது குக்கரைக் குளியல் தொட்டியில் வைத்து டவலால் மூடிவிட்டு, "நோ ஐடியா, சார்" என்றார். பெண்டாட்டி குன்றிப்போய் நின்றாள். பிறகு பக்கத்து ரெஸ்டாரன்ட்டில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டு சாப்பிடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி, எலுமிச்சை பிழிந்த அரைவேக்காட்டுச் சோற்றை விழுங்கினாள்.

அதற்கப்புறமாவது புத்தி வந்ததா? வந்தது. சென்னையில் இருந்து வந்த தன் தங்கையிடம் சொல்லி இந்தியக் குக்கர் ஒன்றை வரவழைத்தார். அதை ரிச்சர்ட்சனில் மாட்டினால் தண்ணீர்கூடச் சுடாது. ஐரோப்பாவில் மட்டும்தான் வேலை செய்யும். வருஷம் முழுக்க அலமாரியில் தூங்கிவிட்டு, லீவு வந்தால் பாரிஸ், ரோம் என்று பறக்கிற அந்தக் குக்கரின் வாழ்வு யாருக்கு வரும்!

ஜெயகுமாரி டயாலிசிஸ் யூனிட்டில் நர்ஸ். மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே, ஒரு காதை மெஷின் சத்தத்துக்குக் கொடுத்துக்கொண்டே சாப்பிட்டுப் பழகியவள். அவளுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசைதான். லிஸ்பனில் தெருவோரத்தில் மேசை போட்டு, சாளை மீனைக் கரியில் சுட்டுத் தருகிறார்கள் என்று வீடியோவில் பார்த்திருந்தாள். அங்கே போய் உட்கார வேண்டும். யாராவது கொண்டுவந்து வைக்க வேண்டும். அவசரமில்லாமல் சாப்பிட வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று இதை வாய்விட்டுக் கேட்டபோது ஜெபதாஸ் உருகிப்போனார். "நம்ம சில்வர் ஜூபிலிக்கு லிஸ்பன். நீயும் நானும் மட்டும். குக்கர் கிடையாது, ப்ராமிஸ்" என்றார். அன்று முதல் அவள் அந்தப் பயணத்துக்காகவே ஷிஃப்டுக்குப் போய் வந்தாள்.

இப்போது திரையில் கடைசிப் படம் வந்தது. மஞ்சள் டிராம், அதற்கு மேல் கொட்டை எழுத்தில் 'லிஸ்பன் குரூப் டூர், ஜூன்'.

"ஆல்ரெடி ஆறு ஃபேமிலி கன்ஃபர்ம் பண்ணிட்டாங்க" என்றார் ஜெபதாஸ். "இது ஜெயாவோட ஐடியாதான். எங்க ஜூபிலிய ஃபெல்லோஷிப்போட செலிபரேட் பண்ணணும்னு அவளுக்கு ஆசை."

எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருபத்தைந்து வருஷத்தில் கேட்ட ஒன்றையும் கூறு போட்டு விற்றுவிட்டானே இந்தப் பாவி!

"ஆன்ட்டி, யூரோப்ல உங்க ஃபேவரிட் டிஷ் எது?" என்று ரெனிஷா கேட்டாள்.

ஜெயகுமாரி எழுந்தாள். "எனக்குத் தெரியாதும்மா" என்றாள். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. "நாங்க அங்க எதையுமே சாப்பிட்டதில்ல. அஞ்சு ட்ரிப்பும் ரூம்ல குக்கர் வச்சு லெமன் ரைஸ், புளி சாதம், தயிர் சாதம்தான். இவர் காட்டுற தட்டு எல்லாம் அடுத்தவங்க சாப்பிட்ட தட்டு. வியன்னாவுல ஹோட்டல் ஃப்யூஸையே போக வச்சுட்டு, குக்கரை பாத்டப்ல ஒளிச்சு வச்சாரு."

ஜெபதாஸ் முகத்தில் ஈயாடவில்லை. இந்த மனிதன் இனிமேல் மைக் பக்கமே போக மாட்டான், டூரும் ஒழிந்தது என்று நினைத்து அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

முதல் வரிசையில் இருந்து சாந்தாமணி ஆன்ட்டி குரல் கொடுத்தார். "ஏன் தம்பி, அப்ப நம்ம குக்கர் அங்க வேலை செய்யுமா? அதை முதல்லயே சொல்லக் கூடாதா? சோத்துக்கு என்ன பண்றதுன்னுதானே நான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன்!"

"இந்தியன் குக்கர்னா வேலை செய்யும் ஆன்ட்டி, இங்க வாங்கினதுதான் வெடிக்கும்" என்ற ஜெபதாஸுக்கு உயிர் திரும்பியது. அவ்வளவுதான், கூட்டம் அவரை மொய்த்துக்கொண்டது. எத்தனை கப் குக்கர், எந்த அரிசி, ஏர்போர்ட்டில் புளிக்காய்ச்சலை விடுவார்களா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஷ்னிட்ஸல் பற்றிப் பேசியபோது ஒருத்தர் முகத்திலும் இந்தப் பிரகாசத்தை ஜெயகுமாரி பார்க்கவில்லை. ரெனிஷாகூடப் போனை எடுத்துக்கொண்டு ஓடினாள். எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

வீடு திரும்பும்போது அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் மதித்திருப்பாள். அவரோ ஃப்ரீவேயில் சீட்டியடித்துக்கொண்டு காரை ஓட்டினார்.

"நீ சொன்னதுதான் ஜெயா ஹிட்டு. இன்னும் நாலு ஃபேமிலி ஜாயின் பண்ணிட்டாங்க."

"ஜூன்ல நான் வரல."

"ஏன், லீவு கிடைக்கலையா?"

"ஆகஸ்ட்ல போட்டுக்கிறேன். நான் தனியா போறேன், லிஸ்பனுக்கு."

சீட்டி நின்றது. அவர் அவளைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. கவலைதான் இருந்தது, உண்மையான கவலை.

"தனியா போயி சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவ?"

"உக்காந்து சாப்பிடுவேன்" என்றாள் ஜெயகுமாரி.