பாதையைக் கொடுத்து வாங்கிய பகி

ஏழாங்கட்டைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போகும் பாதையை விட்டுக்கொடுத்தவன் நான்தான். தோட்டம் கைமாறி, ரப்பர் மரங்கள் விழுந்து, கோல்ஃப் மைதானம் வந்தபோது, படித்தவன், வாத்தியார் என்று தோட்டத்து மக்கள் என்னைப் பேச அனுப்பினார்கள். கிளப் மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார், தேநீர் கொடுத்தார், என் ஆங்கிலத்தைப் பாராட்டினார். கோயில் இருந்த இடத்திலேயே இருக்கலாம், பாதை மட்டும் கிடையாது என்றார். பதிலுக்கு மின்சாரத்தில் ஓடும் கோல்ஃப் வண்டி ஒன்று தருவார்கள். இங்கே அதைப் பகி என்பார்கள். உள்ளே போக அதில்தான் ஏற வேண்டும், யாரும் நடந்து வரக் கூடாது. தொடர்ந்து நான்கு வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றாவிட்டால், கைவிட்ட கோயில் என்று கருதி வெளியே மாற்றிவிடலாம். எல்லாவற்றையும் படித்தேன். புரிந்தது. கையெழுத்திட்டேன்.

சென்ற ஆயுத பூசைக்கு மறுநாள் அந்தப் பகி நின்றுபோனது. மூன்று வெள்ளிக்கிழமை கோயில் இருண்டு கிடந்தது. நானோ ஈப்போவில் உட்கார்ந்து தொலைபேசியில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். தோட்டத்து ஆட்கள் முகத்தில் விழிக்க வெட்கம். நான்காவது வெள்ளிதான் என்னைக் கிளப்பியது.

காலை ஆறரைக்கு ஈப்போ சிலிபினில் என் வீட்டை விட்டுப் புறப்பட்டேன். பையில் மல்டிமீட்டர், இரண்டு ஸ்பானர், கம்பி பிரஷ், ஒரு பொட்டலம் சோடா உப்பு. தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான ஆயர் தாவாருக்கு எழுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல், பேருந்தில் பதினோரு ரிங்கிட். பூசிங், சிபுத்தே, துரோனோ தாண்டிப் போத்தாவில் பேராக் ஆற்றைக் கடந்தால், பிறகு இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம்தான். பக்கத்து இருக்கையில் சித்தியவானுக்குப் போகும் ஒரு பெண். வண்டி குலுங்கும்போதெல்லாம் என் பை சத்தம் போட்டது.

"ஸ்பானரெல்லாம் தூக்கிட்டு எங்கண்ணே போறீங்க?"

"கோயிலுக்கு."

"சாமி கும்பிடவா, இல்ல சாமிய ரிப்பேர் பண்ணவா?"

சத்தம் வராமலிருக்கப் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆயர் தாவாரில் குணா லாரியோடு நின்றான். கோயில் செயலாளர். அவன் பிறந்தது ஏழாங்கட்டைத் தொழிலாளர் லயத்து வீட்டில், இப்போது செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். "கிளப்பு மெக்கானிக் ஆறு பேட்டரியும் செத்துப்போச்சுன்னு சொல்றான் சார். எட்டிக்கூடப் பாக்கல, தூர நின்னே சொல்லிட்டான்."

எனக்கு அப்போதே ரத்தம் கொதித்தது. இதில் கிளப்பின் கை இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். பகியின் இருக்கைக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்சு உண்டு. வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும்போது மோட்டார் வேலை செய்யாமலிருக்க அதை மாற்றி வைப்பார்கள். யாராவது வேண்டுமென்றே அதைத் தட்டிவிட்டிருந்தால் போதும், வண்டி அசையாது. போலீசில் புகார் கொடுப்பதற்கான வாசகங்களை வழியெல்லாம் மனத்துக்குள் எழுதிக்கொண்டே போனேன்.

கிளப் வாசலை அடைந்தபோது ஒன்பதரை. பிளாஸ்டிக் நாற்காலியில் லெட்சுமி அக்கா, மடியில் எண்ணெய்ப் புட்டியும் திரியும். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனவர். கோயில் விளக்கை வெள்ளிதோறும் ஏற்றுபவர் அவர்தான்.

"வாங்க வாத்தியாரே. நா ரப்பர் மரத்துல பால் வெட்டுன நெரையில கண்டவனெல்லாம் பந்து தட்டுறான். நா போவணும்னா மட்டும் ரூல்ஸாம்."

வண்டிகளுக்குப் பொறுப்பான தினேஷ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். "அங்கிள், பதினொண்ணுக்கு டூர்னமென் ஸ்டார்ட். அதுக்குள்ள பகி ஓடலன்னா இன்னிக்கி போக முடியாது லா."

"அங்க இருபது பகி சும்மா நிக்குதே தம்பி. ஒண்ணுல அக்காவ ஏத்திட்டுப் போனா என்ன?"

"அது மெம்பருக்கு மட்டும் அங்கிள்."

"நம்ம பாட்டன் முப்பாட்டன் காடு அழிச்ச மண்ணுடா இது," என்றான் குணா. "நீ மெம்பரா?"

"நா சம்பளத்துக்கு நிக்கிறேன் அண்ணே. என்னைய ஏன் ஏசுறீங்க?"

தகரக் கொட்டகையில் பகி நின்றது. நெற்றியில் குங்குமம், கண்ணாடியில் காய்ந்த மாலை. இருக்கையைத் தூக்கி முதலில் சுவிட்சைப் பார்த்தேன். அது சரியாகவே இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

சார்ஜர் கழற்றியிருந்தது. பேட்டரிகளை ஒவ்வொன்றாக அளந்தேன். ஆறும் எட்டு வோல்ட்டுக்குக் குறையவில்லை. செத்துப்போனதாகச் சொன்ன பேட்டரிகள் உயிரோடு இருந்தன. சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, பெடலை மிதிக்க ஆள் வேண்டும் என்றேன். கைத்தாங்கலாக ஏறி அக்கா உட்கார்ந்தார்.

"லைசன்ஸ் இல்லையே வாத்தியாரே."

"மிதிங்கக்கா."

டக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. மிதித்த கணத்தில் மொத்த மின்னழுத்தமும் படுத்துவிட்டது. பேட்டரி நன்றாக இருந்து, மிதித்தால் மட்டும் விழுகிறது என்றால் எங்கோ ஓர் இணைப்பில் அடைப்பு. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியில் கம்பி மாட்டும் காதிலும் மறுமுனையை அதைப் பிடித்திருந்த கம்பியிலும் வைத்து, அக்காவை மறுபடி மிதிக்கச் சொன்னேன். ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டுக்கும் நடுவே மீட்டர் அசையவே கூடாது. மூன்றாவது பேட்டரியில் துள்ளிக் குதித்தது.

நட்டைக் கழற்றினேன். காதுக்கும் கம்பிக்கும் நடுவே மஞ்சளாய், ஓடு மாதிரி இறுகிப்போய் ஒரு பொருள். முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

குணா தலையைச் சொறிந்தான். "ஆயுத பூசைக்கு வச்சேன் சார். மேல வச்சா மழைல கரைஞ்சிரும்னு எல்லாத்தையும் கழட்டி உள்ள வச்சு முறுக்கிட்டேன். பூசைக்கு முன்னாடி நீங்கதான ஃபோன்ல கழட்டி சுத்தம் பண்ணச் சொன்னீங்க?"

"சுத்தம் பண்ணத்தானேடா சொன்னேன்."

"சந்தனம் சுத்தம் இல்லயா சார்?"

அக்கா உடம்பு குலுங்கச் சிரித்தார். "அம்மனுக்கு வச்ச சந்தனம் அம்மனையே பாக்க விடாம பண்ணிருச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குணா செய்தது பக்தியில் செய்த தவறு, கம்பி பிரஷால் தேய்த்தால் போய்விடும். ஒரு பொட்டுச் சந்தனத்தில் ஒரு கோயிலையே இழக்கும் நிலையை உண்டாக்கியது யார்? பாதை இருந்திருந்தால் வண்டி நின்றால் என்ன, ஓடினால் என்ன? நான்கு பேர் அக்காவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். இப்படி ஓர் ஒப்பந்தத்தை நீட்டியவர்கள் மேல் வந்த கோபம், அதில் கையெழுத்திட்ட கையின் மேலும் வந்தது. பன்னிரண்டு காதுகளையும் சோடா உப்பு நீரால் கழுவித் தேய்த்துத் துடைத்து மாட்டினேன். பத்தரைக்குப் பகி நகர்ந்தது.

குணா ஓட்ட, அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னிருக்கை காலியாக இருந்தது. நான் ஏறவில்லை.

"நான் நடந்து வரேன். நீ மெதுவா போ."

"அங்கிள், நடக்கக் கூடாது. அக்ரிமென்ல இருக்கு," என்றான் தினேஷ்.

"தெரியும் தம்பி. அதுக்குச் சரின்னு கையெழுத்துப் போட்டவன் நான்தான்."

ஒன்றரைக் கிலோமீட்டர். புல்லுக்கு அடியில் பழைய செம்மண் பாதையைக் கால் கண்டுகொண்டது. ஒரு பந்து சற்றுத் தள்ளி வந்து விழுந்தது, யாரோ கத்தினார்கள். அக்கா திரும்பி, "ஓரமா வாங்க வாத்தியாரே, அந்தப் பள்ளத்துல அப்பல்லாம் அட்டை கடிக்கும்" என்றார். பதினொன்றுக்குள் விளக்கு எரிந்தது.

திரும்பும்போது மேலாளரின் அறைக்குப் போனேன். அன்று சம்மதித்தது தவறு, பாதையைத் திரும்பக் கொடுங்கள் என்று கேட்டேன். கையெழுத்து கையெழுத்துதான் என்றார். இந்த முறை எழுந்து நிற்கவில்லை. தேநீரும் வரவில்லை. அடுத்த வாரம் எனக்கு மட்டும் உள்ளே வரத் தடை என்று கடிதம் வந்தது.

ஆனால் கடிதம் வந்த வார வெள்ளிக்கிழமை பதினோரு பேர் வந்தார்களாம். அக்காவை மட்டும் பகியில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் பின்னால் நடந்தார்களாம். தினேஷ் முதலில் கத்தியிருக்கிறான். பிறகு வாக்கிடாக்கியில் யாரிடமோ பேசி, அவர்கள் கடந்து போகும்வரை பந்து அடிப்பதை நிறுத்தி வைத்திருக்கிறான்.

சிலிபினில் என் தெருக்கோடிக் கோயிலுக்கு நினைத்த நேரத்தில் நடந்து போகிறேன். யாரும் எதுவும் கேட்பதில்லை. இப்போது வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அங்கே போவதில்லை. பதினோரு ரிங்கிட் கொடுத்து ஏழாங்கட்டைக்கு வந்துவிடுகிறேன். குணா பகியை வாசல்வரை ஓட்டி வருவான். இருக்கையைத் தூக்கி இணைப்புகளைப் பார்த்து வாஸ்லின் களிம்பு தடவிவிடுகிறேன். சந்தனம் இப்போது ஸ்டீரிங்கில்தான். அவர்கள் போன பிறகு அக்காவின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்கிறேன். கிளப்பில் வாராவாரம் புதுப் புல் பதிக்கிறார்கள். அடுத்த வாரமே அது மிதிபட்டுப் படுத்துவிடுகிறது. வாசலில் இருந்து பார்த்தாலே தெரிகிறது, மேடு ஏறும் இடத்தில் ஒற்றைக் கோடாகச் செம்மண்.