கஸ்மூரியின் வண்டியில் ஆயில் கசிந்த வாரம்

கஸ்மூரி ஊரை ஒரு சுற்று சுற்றி வந்து மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தினார். எஞ்சினுக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துவிட்டு, மாலை அஸர் தொழுகைக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் அட்டையில் கறுப்பாக ஒரு பொட்டு. பக்கத்திலேயே இன்னொன்று.

"போச்சு" என்று சொல்லிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார். கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

அன்று திங்கட்கிழமை. செவ்வாயும் வெள்ளியும் அவர் மனைவி மஸ்ரிஃபாவை செமாராங் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு படுக்கவைக்க வேண்டும். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. போன வெள்ளி தவறிப்போனது. நாளையும் தவறினால் உடம்பு தாங்காது என்று நர்ஸ் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மஸ்ரிஃபாவின் முகம் ஏற்கெனவே வீங்கத் தொடங்கியிருந்தது.

எல்லாம் இந்த ஆயிலால் வந்த வினை. போன செவ்வாய் திரும்பி வரும்போது, எஞ்சினிலிருந்து ஒழுகிய ஆயில் பின்சக்கரத்தில் பட்டு, நெடுஞ்சாலைத் திருப்பத்தில் வண்டி வழுக்கி இரண்டு பேரும் விழுந்தார்கள். பின்னால் லாரி ஒன்றும் வராதது அல்லாஹ்வின் கருணை. மஸ்ரிஃபாவுக்கு முழங்கால் சிராய்த்துப்போனது. வீட்டுக்கு வந்ததும், "இது ஒழுகற வரைக்கும் இதுல நான் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

வேறு வண்டி பார்க்கலாமே என்று கேட்பவர்கள் அந்த ஊருக்கு வந்து பார்க்க வேண்டும். ஜாவாவின் டெமாக் கடலோரத்தில் கடல் தினமும் தெருவுக்குள் வந்துவிட்டுத்தான் போகிறது. போனில் கூப்பிட்டால் வரும் வாடகை வண்டிக்காரர்கள் உப்புத் தண்ணீருக்குப் பயந்து நெடுஞ்சாலையிலேயே நின்றுவிடுவார்கள். அதுவரை நடக்க மஸ்ரிஃபாவால் ஆகாது. பக்கத்து வீட்டு முஸ்தாயினிடம் வண்டி இருக்கிறது. ஆனால் அவன் விடியுமுன்பே அதில் தொழிற்சாலைக்குப் போயாக வேண்டியவன்.

கஸ்மூரி ஒரு காலத்தில் நெல் விதைத்தவர். வயலைக் கடல் எடுத்துக்கொண்டதும் அதையே குளமாக்கி மீன் வளர்த்தார். குளத்தையும் கடல் எடுத்துக்கொண்டது. இப்போது அடுத்தவர் வீடுகளுக்குத் தரை உயர்த்தும் கூலி வேலை. தண்ணீர் ஏற ஏற மண்ணைக் கொட்டித் தரையை உயர்த்துவார்கள். கூரை இருந்த இடத்திலேயே இருக்கும். அவர் வீட்டிலேயே இப்போது நிமிர்ந்து நிற்க முடியாது. வாசலில் குனிந்தால் கொல்லைக்கதவு வரை குனிந்தபடிதான். வெளியே வந்த பிறகும் பாதி ஊர் குனிந்தே நடக்கும், பழக்கதோஷம்.

இந்த ஒரு வாரமாக அவர் கூலி வேலைக்கும் போகவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கசிவைத் தேடினார். முதலில் ஆயில் வடிக்கும் போல்ட்டின் வாஷரை மாற்றினார். ஒழுகல் நிற்கவில்லை. செயின் மாட்டும் அச்சின் ஆயில் சீலை மாற்றினார். ஒரு நாள் நின்றது, மறுநாள் கியர் கம்பி வழியாக ஒழுகியது. அதையும் மாற்றினார். இன்றைக்கு மேல்மூடியின் ஓரமெல்லாம் பிசுபிசுப்பு. ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் பிய்த்துக்கொள்கிறது. வண்டி வேண்டுமென்றே தன்னோடு மல்லுக்கு நிற்கிறது என்றே அவருக்குத் தோன்றியது.

வேலை முடிந்து வந்த முஸ்தாயின் வேலியோரம் நின்று பார்த்தான். கஸ்மூரியை அவன் அண்ணன் முறையில் 'காங்' என்றுதான் கூப்பிடுவான். "என்ன காங், அதோட காலடியிலேயே கிடக்கறீங்க? நிக்காஹ் பண்ணிக்கிட்டீங்களா?"

"கேட்ட கேள்விக்கு ஒரு பதில் சொன்னா பண்ணிக்குவேன்டா. எங்கேருந்து ஒழுகுதுன்னே சொல்ல மாட்டேங்குதே."

"துடைச்சுட்டுப் பவுடர் தூவுங்க காங். ஓட்டிட்டு வந்து பாருங்க. எங்கே முதல்ல நனையுதோ அதான் இடம். தொழிற்சாலை மெஷினுக்கு நாங்க அப்படித்தான் பண்ணுவோம்."

கஸ்மூரி வாசலில் குனிந்து உள்ளே குரல் கொடுத்தார். அவருக்கு அவள் 'மாக்னே', அவளுக்கு அவர் 'பாக்னே'. "மாக்னே, பவுடர் டப்பா எங்கே?"

மஸ்ரிஃபா பாயில் படுத்தபடி ஒரு ஐஸ்கட்டியை வாயில் அடக்கியிருந்தாள். தண்ணீர் குடிக்கத் தடை, தாகத்துக்கு இதுதான். "எதுக்கு? எஞ்சினுக்கு வேர்க்குருவா?"

"எஞ்சினுக்கு இல்லை, எனக்கு. உன்னோடவும் அதோடவும் குடும்பம் நடத்தி உடம்பெல்லாம் எரியுது."

அவள் சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. அந்த மூச்சுச் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை.

எஞ்சினைப் பளிச்சென்று துடைத்து, பவுடரைத் தூவி, மண்கரை மேல் போய்த் திரும்பினார். முஸ்தாயின் கைவிளக்கு அடித்துக் காட்டினான். மேல்மூடியில் ஈரம். செயின் அச்சில் ஈரம். கியர் கம்பியில் ஈரம். புதிதாக மாட்டிய சீல்களைச் சுற்றியும் பவுடர் கறுத்துப்போயிருந்தது.

"எங்கே ஒழுகலைன்னு கேட்கறதுதான் சுலபம் போல" என்றான் முஸ்தாயின். அம்மா கூப்பிட்டாள் என்று போய்விட்டான்.

கஸ்மூரி அங்கேயே குந்தியிருந்தார். இத்தனை சீலும் சொல்லிவைத்தாற்போல ஒரே வாரத்தில் கெடாது. எஞ்சினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திருகினார். மூடி கழன்றதும் புஸ்ஸென்று காற்று உள்ளங்கையில் அறைந்தது. ஆவி போக வழியில்லாத பானை! உள்ளே சேர்ந்த காற்றுக்கு வெளியேற இடமில்லை. அதுதான் கிடைத்த இடுக்கிலெல்லாம் ஆயிலைப் பிதுக்கித் தள்ளுகிறது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சீட்டைக் கழற்றினார். எஞ்சின் மூச்சுவிடும் ரப்பர்க் குழாய் மேலே தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. அதன் வாயில், சீவிய செருப்புத் துண்டு ஒன்று இறுகிப்போய் இருந்தது.

பெரிய அலையேற்ற நாட்களில் ஊரில் எல்லோரும் செய்வதுதான். குழாய்க்குள் கடல்தண்ணீர் போனால் எஞ்சின் குட்டிச்சுவர். அதனால் செருப்பைச் சீவி அடைத்து, வண்டியைத் தண்ணீரில் தள்ளிப் போய், மேட்டில் ஏறியதும் பிடுங்கிவிடுவார்கள். போன பௌர்ணமி ஏற்றத்தில் இவர் அடைத்தார். மேட்டில் ஏறியதும் மஸ்ரிஃபா வாந்தியெடுத்தாள். அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றதில் குழாய் மறந்தே போனது.

துண்டைப் பிடுங்கினார். எஞ்சினின் சத்தமே இளகியது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, துடைத்து, மறுபடி பார்த்தார். காய்ந்தே இருந்தது. துண்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு, குனிய மறந்து நிலையில் இடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

"மாக்னே! கிடைச்சுடுச்சு! என்னன்னு சொல்லு பார்ப்போம்!"

மஸ்ரிஃபா அவரைப் பார்த்தாள். கையைப் பார்க்கவில்லை. "நீலச் செருப்புத் துண்டு" என்றாள்.

கஸ்மூரிக்குச் சிரிப்பு அப்படியே நின்றது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு விழுந்தோமே, வண்டி என் பக்கத்துலயே சாய்ஞ்சு கிடந்தது. சீட்டுக்கடியில தெரிஞ்சது. அடைச்சதை எடுக்க மறந்துட்டீங்கன்னு அப்பவே புரிஞ்சது."

"ஒரு வாரம்!" துண்டைத் தரையில் எறிந்தார். "ஒரு வாரமா நாய் மாதிரி மண்ணுல கிடக்கேன். பார்த்துக்கிட்டே படுத்திருந்தியே! வெள்ளிக்கிழமை போகாம உன் மூஞ்சி வீங்கிக் கிடக்கு. செத்துப்போயிருந்தா?"

அவள் வாயில் மிச்சமிருந்த ஐஸை விழுங்கினாள்.

"சொல்லலாம்னுதான் பாக்னே வாயைத் திறந்தேன். 'இது ஓடலைன்னா நாம எப்படிப் போறது'ன்னு நீங்க சொன்னீங்க. போக வேண்டாம்னு ஒரு நாள் இருந்தா எப்படி இருக்கும்னு நினைச்சேன். ஊசி இல்லாம, அந்தக் குளிர் ரூம் இல்லாம. வெள்ளிக்கிழமை பூரா இங்கேயே படுத்திருந்தேன். நல்லா இருந்துச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"களைச்சுப்போச்சுன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றது? நீங்க என்னைவிடக் களைச்சுப்போய்க் கிடக்கறீங்க. வண்டி கெட்டுப்போச்சுன்னா யாரும் யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம்."

கஸ்மூரி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவருக்குக் கோபமும் வந்தது, அவள்மேல் சொல்லத் தெரியாத பரிவும் வந்தது. இரண்டில் எதைக் காட்டுவதென்று தெரியாமல் அவளுடைய வீங்கிய பாதத்தைக் கையால் அழுத்திவிட்டார்.

"ஒண்ணு கேட்கறேன்" என்றாள் மஸ்ரிஃபா. "என்னைக்காவது ஒரு நாள் போதும்னு சொல்லுவேன். அன்னைக்கு வண்டியை ரிப்பேர் பண்ணாதீங்க."

அவர் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார்.

"அன்னைக்கு நானே அதை உடைச்சுப் போட்டுடறேன்" என்றார். "நாளைக்கு மட்டும் வா."

"நாளைக்கு வரேன்."

கஸ்மூரி வெளியே போனார். பின்சக்கரத்தில் இன்னும் ஆயில் ஒட்டியிருந்தது. சோப்புப் பொடியைக் கொட்டித் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டயரின் வழுக்கல் முழுதும் போகும்வரை அவர் கையை நிறுத்தவில்லை.