மைனி தராத படம்

எங்கள் கடற்கரையில் ஒருவர் இறந்தால் முப்பதாம் நாள் பூசைக்கு முன்பு சிலுவை நிற்கிற குருசடி முக்கில் ஃப்ளெக்ஸ் வைத்தாக வேண்டும். உயிரோடு இருந்தபோது ஒரு சாயா வாங்கித் தராதவன்கூட, “என்ன, ஃப்ளெக்ஸ் இல்லியா?” என்று கேட்பான். அண்ணன் கல்ஃபில் இறந்தபோதும் கேட்டார்கள். நல்ல படங்களெல்லாம் அண்ணன் மனைவியிடம் இருந்தன. மைனி தர மறுத்துவிட்டாள்.

“அவிய படத்துக்கு அடியில கண்ணீர் அஞ்சலின்னு எழுதப்பிடாது” என்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தூங்கப் போனவன் எழும்பவில்லை என்று ஒரு போன். அப்புறம் காகிதங்களுக்காகக் காத்துக் கிடந்தோம். பெட்டி திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியபோது, நாளாகிவிட்டது, வீட்டில் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே அடையாளம் பார்க்க நான் மட்டும் உள்ளே போனேன். மூடிய பெட்டியை முற்றத்தில் வைத்து, மூடியபடியே கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மைனி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஊர்ப் பெண்கள் அதற்கும் ஒரு கதை கட்டினார்கள். அவர்கள் வாயில் மண்ணை அள்ளிப் போடலாமா என்றிருந்தது எனக்கு.

அண்ணனோடு அறையில் இருந்தவர் விடுமுறையில் வந்தபோது அவனுடைய பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே அவன் லேப்டாப். வழியில் எவன் தூக்கி எறிந்தானோ, திரை நொறுங்கிக் கிடந்தது. ஆனால் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அதில் அவன் படங்கள் இருக்கும். என் லேப்டாப்பில் சிடி போடும் பாகம் எப்போதோ செத்துப்போயிருந்தது. அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரண்டாவது டிஸ்க் மாட்டுவதற்கு ஒரு தகரச் சட்டம் நாகர்கோவிலில் கிடைத்தது. மைனியிடம் சொல்லவில்லை. ஃப்ளெக்ஸ் கடையில் படத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

சட்டத்தைச் சொருகிப் பட்டனை அமுக்கினால், கம்பெனி முத்திரையோடு லேப்டாப் உறைந்து நின்றது. வெளியே உருவினால் ஒழுங்காக ஓடியது. திரும்பச் சொருகினால் மறுபடி அதே கதை. சாமி சத்தியமாக, அதைத் தூக்கிக் கடலில் எறிந்திருப்பேன். கடைசியில் பார்த்தால் டிஸ்க் சட்டத்துக்குள் ஆடிக்கொண்டிருந்தது. பிஸ்கட் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தேன். முத்திரையைத் தாண்டியது. ஆனால் இப்போது, எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்புவது என்று தெரியவில்லை என நின்றுகொண்டது. எஃப் டூவை அமுக்கி செட்டிங்குக்குள் போனேன். புது டிஸ்க் வந்ததில், எது முதலில் ஓட வேண்டும் என்ற பழைய வரிசை குலைந்திருந்தது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. பெயரின் கடைசி எண் மட்டும்தான் வேறு. ஒன்றைப் பிடித்து மேலே ஏற்றினேன்.

நான் ஏற்றியது அண்ணனுடையதை.

திரையில் எங்கள் வள்ளம் வந்தது. போன லீவில் அவன் எடுத்த படம். மூலையில் கடிகாரம் கல்ஃப் நேரத்தைக் காட்டியது. படங்களைத் தேடியிருக்கலாம், அணைத்திருக்கலாம். இரண்டும் செய்யாமல் அந்த வள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்ஃப்காரன் கம்ப்யூட்டரில் எது இல்லாவிட்டாலும் ஒன்று இருக்கும். வீடியோவில் பேசுகிற செயலி, கம்ப்யூட்டரைத் திறந்த உடனே தானாக ஓடத் தொடங்கும்படி வைத்திருப்பார்கள். டியூட்டி முடிந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே வீட்டு முகத்தைப் பார்க்க வேண்டும் அவர்களுக்கு. என் லேப்டாப்பில் நெட் கேபிள் எப்போதும் சொருகிக் கிடக்கும். அதை உருவ வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த அறையிலிருந்து மைனியின் சத்தம் கேட்டது.

“மக்கா! ஓடி வா மக்கா! அவிய பச்சையில வந்திருக்காவ!”

அண்ணன் வாங்கி அனுப்பிய டேப்லெட்டில், அதே செயலியில் அவன் பெயரைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியுமா என்று அத்தனை நாளும் அவள் காத்திருந்திருக்கிறாள். வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் என் மேசையில் லேப்டாப் மணியடிக்கத் தொடங்கியது. திரை நிறைய மைனியின் கல்யாணப் படம். ஒரு பக்கம் பச்சைப் பட்டன், ஒரு பக்கம் சிவப்பு.

டேப்பைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மேசையைப் பார்த்தாள். கழற்றிப்போட்ட திருகாணிகளையும் அண்ணனின் உடைந்த லேப்டாப்பையும் பார்த்தாள். திரையில் அவள் முகமே அவளை அழைத்துக்கொண்டிருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“மக்கா, நீ பெட்டியைத் திறந்து பாத்தியா?”

“பாத்தேன் மைனி.”

“நல்லா பாத்தியா? அவியதானா?”

“அண்ணன்தான்.”

டேப்பில் சிவப்பை அவளே அமுக்கினாள். மணி நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்து, அன்றைக்குத்தான் அழுதாள். அம்மா ஓடிவந்து அவள் தலையை மடியில் அள்ளிக்கொண்டாள். நானும் அழுதேன்.

வெகுநேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, “நீ தேடாண்டாம், நான் தாறேன்” என்றாள். டேப்பில் தேடித் தேடி ஒரு படத்தில் நின்றாள். அவளும் அண்ணனும் சேர்ந்து நிற்கிற படம்.

“என்னை வெட்டிட்டு அவியள மட்டும் போடச் சொல்லு.”