கையால் கொண்டுபோன போர்வை

இந்த ஊர் நூலகத்தின் பின்னறையில் புதன்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடுகிறார்கள். ஒருவர் கையிலும் புத்தகம் இல்லை. மடியில் கம்பளி நூல், கையில் கொக்கி ஊசி. இதை க்ரோஷே என்கிறார்கள். மணிக்கணக்கில் பின்னுவார்கள், பிடிக்கவில்லையென்றால் ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் உருவிப் பந்தாகச் சுற்றிவிட்டுச் சிரிப்பார்கள். செய்ததைக் குலைத்துவிட்டுச் சிரிக்கிற சனங்களை நான் பிரான்சில்தான் பார்த்தேன். எங்கள் கடற்கரை ஊரான நல்லவாட்டில் ஒரு முழம் மீன்வலையைப் பிரித்தால், அன்றைக்கு என் அப்பா சோறு போடமாட்டார்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஓட்டலில் தட்டு கழுவ இங்கே வந்தேன். இன்றைக்கு இரண்டு மளிகைக் கடைக்குச் சொந்தக்காரன். யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளட்டும். கடைகளை மகனிடம் விட்டபின் கால் சும்மா இருக்கவில்லை. குளிருக்கு ஒதுங்கித்தான் அந்த அறைக்குள் போனேன். நாற்காலி முதுகில் ஒரு போர்வை கிடந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று கட்டம் கட்டமாக, நம் கரையில் படகுகள் நெருக்கி நிற்பதுபோல் இருந்தது. இந்த அம்மாக்களால் முடிந்தால் வலை முடிந்த கையால் முடியாதா என்று நானும் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே வாரத்தில் பத்துக் கட்டம் பின்னினேன். கூட்டத்துக்கு மூத்தவரான கொலெத் அம்மா அதில் ஒன்றை எடுத்து மேசைமேல் நிறுத்தினார். அட்டை மாதிரி நின்றது. வலையில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் மீன் போய்விடும் என்று பழகிய கை, கம்பளியையும் இறுக்காமல் விடவில்லை. "இதற்குள் யார் படுப்பது?" என்று பிரெஞ்சில் கேட்டார். போர்வை யாருக்கு என்று கேட்கிறார் என நினைத்து, "என் தங்கைக்கு" என்றேன். அறையே சிரித்தது. "பாவம், உங்கள் தங்கை!" என்றார்.

யாருக்கென்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. என் வாயில் தங்கை அஞ்சலைதான் வந்தாள். அவள் என்னோடு பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது. அவள் கணவர் இறந்தபோது பிறந்த வீட்டுக் கோடியை, அந்தப் புதுச்சேலையை, உடன்பிறந்தவன் நான்தான் கொண்டுபோய்ப் போட வேண்டும். அந்த வாரம் என் இரண்டாவது கடை திறப்பு. பெரியப்பா மகனிடம் சொல்லி ஊரே பார்க்கிற மாதிரி பட்டாகவே எடுத்துக் கொடுக்கச் செய்தேன். பெரிய காரியம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன். போன் செய்தால், "ஆளு வராத கோடி எனக்கு எதுக்கு?" என்றாள். அதற்குப் பிறகு அவள் போனை எடுக்கவேயில்லை.

பத்துக் கட்டத்தையும் உருவினேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொலெத் அம்மா என் விரல்களைத் தட்டித் தட்டி இளக்கினார். பத்து மாதத்தில் நூற்றிருபது கட்டம். அந்தக் கூட்டத்தில் அத்தனை வேகம் வேறு யாருக்கும் கிடையாது. தை பிறந்ததும் விமானம் ஏறினேன்.

நல்லவாட்டில் வாடைக்காற்று அடித்தது. அஞ்சலை வாசலில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தாள். போர்வையை இரண்டு கையாலும் நீட்டினேன். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்:

"யாராண்ட குடுத்து அனுப்பிச்சே?"

"நானே கொண்ணாந்தேன்டி. பின்னுனதும் நான்தான்."

"யாரு, நீயா? வலை முடியச் சொன்னா பனமரத்தாண்ட போயி தூங்குவியே! உன் பங்கையும் நான்தானே முடிஞ்சேன். அதக் காட்டித்தானே அப்பாகிட்ட சோறு வாங்கித் துன்னே."

அது உண்மைதான்.

கையைத் துடைத்துக்கொண்டு போர்வையை வாங்கினாள். இரண்டு விரலை உள்ளே விட்டு விரித்துப் பார்த்தாள். "இன்னாண்ணா இது, இம்மாந் தொளதொளன்னு கீது? எறா கூட நிக்காது."

அங்கே இறுக்கம் என்றார்கள். இங்கே தொளதொள என்கிறாள். ஆனாலும் 'அண்ணா' என்றுவிட்டாளே, அது போதும் எனக்கு.

"இம்மாங் கலரப் போத்திக்கினா ஊரு இன்னா சொல்லும்?"

"அண்ணன் நேர்ல வந்து போத்துனான்னு சொல்லு."

நெத்திலியை ஓரமாகத் தள்ளினாள். பிறகு, "போத்து, அப்ப" என்று முதுகைத் திருப்பினாள்.

போர்த்தினேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். போர்வையின் மிச்சத்தை இழுத்து என் முழங்கால்மேல் போட்டாள். வாடைக்காற்றில் அவளுக்கு உடம்பு நடுங்கியது. பனியில் பழகி வந்த எனக்கோ சட்டைக்குள் வியர்த்து ஊற்றியது. போர்வைக்குள்ளிருந்து நான் காலை எடுக்கவில்லை.