பழுப்பு நிறத்தின் அடியில்

மகள் படிக்கும் பாபடோயிட்டோய் ஆரம்பப் பள்ளியில் அந்தத் தவணை முழுவதும் பக்கத்து நாடான ஆஸ்திரேலியாவின் பழங்குடி மக்களின் ஓவியங்களைப் பற்றிப் படித்தார்கள். வகுப்பாசிரியை ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார். அந்த ஓவியங்களில் உள்ள குறிகள் அந்த மக்களின் கதைகளுக்குச் சொந்தமானவை, அவற்றை நம் படங்களில் எடுத்துப் போடக்கூடாது. மேலிருந்து நிலத்தைப் பார்க்கும் விதத்தை வேண்டுமானால் கற்றுக்கொள்ளலாம். குறிகளை நீங்களே உண்டாக்கி, நீங்கள் வாழும் இடத்தை வரையுங்கள் என்றார்.

மகள் எங்கள் தெருவை வரைந்தாள். மண்நிறத் தாளில், காது குடையும் பஞ்சுக் குச்சியால் வைத்த புள்ளிகள். வீடு மஞ்சள் வட்டம், டெய்ரி என்கிற மூலைக்கடை சிவப்பு, ரயில் பாதை கறுப்பு. வீட்டிலிருந்து வெள்ளைப் புள்ளிகள் கோணல்மாணலாகப் புறப்பட்டு, தாளின் விளிம்போடு நின்றுவிட்டன. அதுதான் அப்பா, விமான நிலையத்துக்கு வேலைக்குப் போகிறார் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். இந்தப் படங்களைப் பள்ளியில் வைக்கும் கண்காட்சியன்று அப்பா தானாகவே தன்னைக் கண்டுபிடிக்க வேண்டுமாம். நான் வாய் திறக்கக்கூடாதாம்.

முடிக்காத படங்களை வார இறுதியில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். அங்குதான் வினை வந்தது. பிள்ளையின் பள்ளி வேலையைப் பெற்றோர் செய்து முடிப்பது எங்கள் ஆட்களிடம் குற்றமல்ல, கடமை. அதிலும் என் கணவர் கொழும்பில் கட்டட வரைபடங்கள் வரைந்தவர். இங்கே விமானத்தில் பெட்டி ஏற்றுகிறார். கோணலான எதையும் கண்டால் அவருக்குக் கை சும்மா இராது.

சனிக்கிழமை நான் பக்குரங்காவில் வேலை முடிந்து வந்தபோது படம் மேசையில் காய்ந்துகொண்டிருந்தது. வட்டங்கள் உண்மையாகவே வட்டமாக இருந்தன. ரயில் பாதை அடிமட்டம் வைத்த நேர்கோடு. வெள்ளைப் புள்ளிகளைக் காணவில்லை.

"அந்த வெள்ளை என்னெண்டே விளங்கேல்லை. குச்சி தவறிப் பட்டிருக்கும். பழுப்பு அடிச்சு மூடிப்போட்டன்," என்றார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அவரை அப்படிப் பார்த்து வெகுநாளாயிற்று.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வாக்குக் கொடுத்திருந்தேன். மகள் பக்கத்து வீட்டில் விளையாடிவிட்டு வந்தாள். படத்தைப் பார்த்தாள். சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டாள். மறுபடி புள்ளி வைப்பாள் என்று எதிர்பார்த்தேன். வைக்கவில்லை.

கண்காட்சிக்கு இவர் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தார். பள்ளி மண்டபத்தில் பிள்ளைகள் தங்கள் படத்தின் அருகே நின்று வருகிறவர்களுக்கு விளக்கம் சொன்னார்கள். எங்கள் மகளுடைய படம்தான் எல்லாவற்றிலும் சுத்தம். பிள்ளைகள் செய்த வேலை போலவே இல்லை. இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதை ரசித்தார்.

"ஃபைண்ட் யுவர்செல்ஃப், அப்பா," என்றாள் மகள்.

இவர் குனிந்து பார்த்தார். டெய்ரியைப் பார்த்தார், ரயில் பாதையைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே மஞ்சள் வட்டத்தில் விரலை வைத்தார்.

"இஞ்சதான். வீட்டில, உங்களோட."

"நோ. தட்ஸ் மீ அண்ட் அம்மா."

அவள் குரலில் கோபம் இல்லை. வந்தவர்கள் எல்லோருக்கும் சொன்ன அதே தொனிதான். இவருடைய விரலைப் பிடித்து, வீட்டிலிருந்து தாளின் விளிம்பு வரைக்கும் பழுப்பு நிறத்தின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போனாள். அங்கே பூச்சு சற்றுத் தடிப்பாக இருந்தது. அடியில் இருந்த புள்ளிகள் விரலுக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

"யூ வேர் ஹியர்," என்றாள்.

இவர் விரலை எடுக்கவில்லை. அடுத்த குடும்பம் படம் பார்க்க வந்து, எங்கள் பின்னால் காத்து நின்றது.