வெள்ளைத் தண்ணீரில் போன சட்டை

என் வீட்டுக்காரர் சினிமாவில் கதாநாயகனுக்குப் பதிலாக உயரத்திலிருந்து தண்ணீரில் குதிப்பவர். அவர் குதிப்பதற்கு முன்னால், ஒரு வைக்கோல் பொம்மைக்கு அவருடைய பழைய சட்டையை மாட்டித் தள்ளி, எங்கே விழுகிறதென்று பார்ப்பார்கள்.

ஒரு தடவை விருத்தாசலத்துக்கு வெளியே, பீங்கானுக்கு மண் வெட்டிய பள்ளத்தில் படப்பிடிப்பு. மழைத்தண்ணீர் நிறைந்து கிடந்தது. நானும் போயிருந்தேன். பொம்மையைத் தள்ளினார்கள். மிதக்க வேண்டியது மேலே வரவே இல்லை. சுண்ணாம்பு கரைத்தது போலிருந்த தண்ணீர் அப்படியே மூடிக்கொண்டது.

ஆம்பிளைகள் முன்னால் வாய் திறக்காத நான், "வேணாங்க, வூட்டுக்குப் போயிடலாம்" என்றேன்.

"பொம்மைக்கு நீச்சல் தெரியாதுடி, எனக்குத் தெரியுமில்ல?" என்று சிரித்துவிட்டுக் குதித்தார்.

தண்ணீர் மறுபடியும் மூடியது. ரொம்ப நேரம் கழித்துத்தான் அவர் தலை தெரிந்தது. கரையேறியவர் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க ஆச்சு?"

"அடியில என் சட்டை கையில பட்டுச்சு. பொம்மைய மேல கொண்டாரலாம்னு இழுத்தேன்" என்றார். பிறகு என் காதருகே வந்து, "உள்ள வைக்கோல் இல்லடி. ஒடம்பு மாதிரி வெதுவெதுன்னு இருந்துச்சு" என்றார்.

அதன் பிறகும் பல வருஷம் குதித்தார். பொம்மைக்கென்று கேட்டு வந்தவர்களிடம் அவர் சட்டையை மட்டும் நான் கொடுத்ததே இல்லை.